மூன்று முறை கேட்டுவிட்டேன், இன்னொரு முறை கேட்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் என் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். தொடக்கநிலை 3-ல் படிக்கும் பையன் ஒருவன் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, கொஞ்ச நாளாக வாயையே திறப்பதில்லை. நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்து எழுதுகிறான். போன செவ்வாய்க்கிழமை கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது சட்டை மேலேறியது. முதுகில் ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டை இரட்டையாகக் கோடுகள். காதுக்குப் பின்னாலும் நீலம் பாரித்திருந்தது. எப்படி ஆச்சு என்று கேட்டேன். படியில் விழுந்தேன் என்றான். மறுபடி கேட்டேன், பேசவில்லை. மூன்றாம் முறை "அப்பாதானே அடிச்சாரு?" என்றதும் "ஆமா டீச்சர்" என்று அழுதுவிட்டான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவுசெய்தேன், முதுகைப் படமும் எடுத்தேன். இரண்டு தோழிகளுக்கு அனுப்பி யோசனை கேட்டேன். ஒருத்தி போலீசுக்குப் போ என்கிறாள், இன்னொருத்தி அடுத்தவர் குடும்பத்தில் உனக்கென்ன வேலை என்கிறாள். அவன் அம்மாவைப் பத்து வருடமாகத் தெரியும். தைப்பூசத்துக்கு ஒன்றாகப் பால்குடம் எடுத்தவர்கள் நாங்கள். முதலில் அவரிடம் பேசலாமா? போலீஸ் வந்தால் அப்பாவை விலங்கு மாட்டிக் கூட்டிப்போவார்களா, பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடுவார்களா? என் பெயர் வெளியே வருமா? வெள்ளிக்கிழமை இன்னும் தெளிவாகக் கேட்டுப் பதிவுசெய்துகொண்டு, அப்புறம் புகார் கொடுக்கலாமா?

பதில்: டீச்சர், உங்கள் கடிதம் கிடைத்த மாலையே தொலைபேசியில் பேசினோம், நீங்களும் அன்றே அழைத்துவிட்டீர்கள். பிள்ளையை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றி, உங்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன். உங்களைப் போல வாரம் இரண்டு நாள் ஒரு பிள்ளையை அருகிலிருந்து பார்க்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்: துணைப்பாட ஆசிரியர்கள், பள்ளி பஸ் ஓட்டுநர்கள், நடனம் சொல்லிக்கொடுப்பவர்கள், எதிர்வீட்டுப் பாட்டிகள். பள்ளியில் ஆசிரியருக்கு இந்த மாதிரி நேரத்தில் யாரிடம் சொல்வது என்று ஒரு வழிமுறை இருக்கிறது. உங்களுக்கு இருப்பதெல்லாம் சாப்பாட்டு மேசையும் ஒரு வெள்ளைப் பலகையும்தான். அதனால்தான் தடுமாறிவிட்டீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். கேட்கக் கூடாது. மூன்று முறையே அதிகம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காவல்துறையில் இருபது வருடத்துக்கு மேல் விசாரணை அதிகாரியாக இருந்தவள் என்பதால் உங்கள் மூன்றாவது கேள்வியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "அப்பாதானே அடிச்சாரு?" அந்தத் "தானே"யைப் பாருங்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டீர்கள். ஒன்பது வயதுத் தமிழ்ப் பிள்ளை டீச்சரிடம் "இல்லை" என்று சொல்லிப் பழகியிருக்காது. அவன் சொன்ன "ஆமா" உண்மையாகவே இருக்கலாம், இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு வழக்கு நடந்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் பதிவையே ஓடவிட்டு, "படியில் விழுந்தேன் என்றுதான் பிள்ளை முதலில் சொன்னான், அப்பா என்ற பெயரை எடுத்துக் கொடுத்தது யார்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதற்கென்று பயிற்சி பெற்ற அதிகாரி அப்பா, அம்மா, அடி என்ற சொற்களைத் தானாக வாயில் எடுக்கவே மாட்டார். "இங்கே ஒரு கோடு இருக்கே, அதைப் பற்றிச் சொல்லு" என்பார். "அப்புறம்?" என்பார். பிள்ளை சும்மா இருந்தால் அவரும் சும்மா இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. எனக்கே அது பிடிபட வருடங்கள் ஆயின.

மொழி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி தமிழில் பேசுகிறாள் என்று என்னை அழைத்தார்கள். "அப்பா பெல்ட் போட்டாரு" என்றாள். அப்பா இடுப்பில் பெல்ட் கட்டினார் என்று நானே ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். அவர் வேலைக்குக் கிளம்புவதைச் சொல்கிறாள் என்று நினைப்பு. பக்கத்திலிருந்த மூத்த அதிகாரி, தமிழ் தெரியாத மலாய்க்காரர், என் கையைத் தொட்டார். அந்தச் சொல் வரும்போதெல்லாம் குழந்தை தன் தொடையைத் தடவுகிறாள், நீ பார்க்கவில்லையா என்றார். பெல்ட் போட்டார் என்றால் பெல்ட்டால் ஒரு போடு போட்டார். எனக்குத் தெரிந்த தமிழ்தான், தெரிந்ததாலேயே கவனிக்காமல் விட்டேன். ஆகவே உங்கள் பையன் சொன்னதை எழுதி வைக்கும்போது, அவன் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "தந்தை தாக்கினார்" என்று மாற்ற வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னால் கலந்தபடியே இருக்கட்டும். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள், அந்தத் "தானே" உட்பட. மறைத்தால்தான் வம்பு. தேதி, நேரம், எந்தப் பக்கக் காது, எத்தனை கோடு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

நீங்கள் பார்த்த இரட்டைக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரோத்தான் என்கிற பிரம்பு வேகமாகப் படும்போது, அது பட்ட இடத்திலுள்ள இரத்தம் இரு பக்கமும் ஒதுக்கப்படும். ஓரத்திலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் உடையும். அதனால் நடுவில் வெளுப்பும் இரு ஓரத்திலும் சிவப்பும் நீலமுமாக இணைகோடுகள் தெரியும். படிக்கட்டில் விழுந்தால் இப்படி வராது. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்கால், கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பு, முழங்கை, நெற்றி என்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் அடிபடும். முதுகு, பிட்டம், கழுத்து, காது ஆகியவை தற்செயலாக அடிபடுகிற இடங்கள் அல்ல. காதைத் திருகினாலோ அறைந்தாலோதான் அதன் பின்புறம் பெரும்பாலும் நீலம் பாரிக்கும். இன்னும் தவழாத கைக்குழந்தையின் உடம்பில் எந்த இடத்தில் கன்றிப்போயிருந்தாலும் மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள். நிறத்தைப் பார்த்து இது மூன்று நாள் காயம், ஐந்து நாள் காயம் என்று மட்டும் நீங்கள் கணக்குப் போட வேண்டாம். அதற்கு மருத்துவரே தயங்குவார்.

"நானும் ரோத்தான் அடி வாங்கி வளர்ந்தவள்தான்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நானும்தான். மளிகைக் கடை வாசலில் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அதில் மஞ்சள் கைப்பிடிதான் எங்கள் வீட்டில். சிங்கப்பூரில் பெற்றோர் பிள்ளையைப் பிரம்பால் அடிப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. அளவு மீறி, தேவையில்லாமல் உடம்பையோ மனத்தையோ காயப்படுத்தினால் அது சிறார், இளையர் சட்டத்தின்கீழ் கொடுமைப்படுத்துதல். அதற்கு எட்டு ஆண்டு வரை சிறை, 8,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2020 ஜூலை முதல் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு 18 வயதுக்குக் கீழுள்ள எல்லாருக்கும் விரிந்திருக்கிறது. எங்கே அளவு மீறியது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், உங்கள் தோழியும் தீர்மானிக்க வேண்டாம். சாய்ந்து உட்கார முடியாத பிள்ளை என்பதே அழைக்கப் போதுமான காரணம்.

யாரை அழைப்பது? அலறல் கேட்கிறது, இப்போதே நடக்கிறது, பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது என்றால் போலீசின் அவசர எண் 999. மற்ற நேரங்களில் 1800-777-0000. வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்றும் கேட்கலாம். அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நேரில் போனாலும் சரிதான், ஆனால் வரிசையில் நிற்கும்போது மனம் மாறிவிடும் என்று எனக்குப் பயம். தொலைபேசி மேல்.

சிறார், இளையர் சட்டம் நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. சந்தேகம் தவறாகப் போனாலும் அதற்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. சொன்னவர் யார் என்பதை அதிகாரிகள் குடும்பத்திடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்களிடம் பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பையனின் முதுகைப் பார்க்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அம்மா ஊகிக்கக்கூடும். ஊகித்து உங்களிடம் சண்டைக்கும் வரலாம். வந்தால் "பிள்ளைமேல் அக்கறையில்லாமல் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பால்குடம் எடுத்த நட்பு போனாலும் போகட்டும் என்று நான் சொல்வது கல்நெஞ்சமாகத் தெரியலாம். அந்தப் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன்.

அழைத்த பிறகு விலங்கோடு வந்துவிடுவார்களா? உங்கள் மனத்தில் ஓடுவது தொலைக்காட்சி நாடகம். விசாரணை அதிகாரிகள் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் வருவார்கள். உடனடி ஆபத்து இல்லையென்றால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறுவர் பாதுகாப்புச் சேவையோ, அதற்கென உள்ள சிறப்பு நிலையமோ முன்னே நிற்கும், போலீஸ் பின்னே இருக்கும். பிள்ளையைப் பள்ளியிலேயே வைத்துச் சந்திப்பதும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 2025 ஏப்ரல் முதல் புது ஏற்பாடு இருக்கிறது. குடும்ப வன்முறை அவசரக் குழு என்று அமைச்சின் சமூக ஊழியர்கள் போலீசோடு சேர்ந்து வீட்டுக்கே போகிறார்கள். அடிப்பவரை நெருங்கவிடாமல் தடுக்க அங்கேயே 14 நாள் வரை செல்லுபடியாகும் அவசர ஆணை போட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த நாள்களுக்குள் குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு மனுச் செய்யலாம். என் காலத்தில் இதெல்லாம் இல்லை. நடுராத்திரி ஒரு வீட்டுக்குப் போவோம், புருஷனை வெற்றுத்தளத்துக்குக் கூட்டி வந்து ஒரு சிகரெட் நேரம் பேசுவோம், கோபம் தணிந்து மேலே போவார். மறுநாள் ராத்திரி அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும். அப்போது என்னோடு ஒரு சமூக ஊழியர் நின்றிருந்தால் எத்தனையோ வீடுகளுக்கு இரண்டாம் முறை போக நேர்ந்திருக்காது.

போலீசால் தடுக்க முடியுமா, நடந்த பிறகுதானே வருவார்கள் என்பது நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு. பாதி உண்மை. ஆனால் ஒரு வீட்டிலிருந்து மூன்றாம் முறை அழைப்பு வருகிறது என்பதைப் பதிவேட்டில் பார்க்கக்கூடியவர் போலீஸ்தான். கணவன் மனைவி சண்டை என்று போன இடத்தில், மூடியிருக்கும் அறைக் கதவைத் திறந்து பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிற அதிகாரி, அன்று ஒன்றுமே செய்யாவிட்டாலும் நிறையச் செய்திருக்கிறார். 2024-ல் பாலியல் குற்றங்களையும் குடும்ப வன்முறையையும் கவனிக்கவென்றே காவல்துறையில் தனித் தளபத்தியம் ஒன்று அமைத்தார்கள். இந்த வேலைக்குத் தனித் திறமை வேண்டும் என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது பற்றி. ஆபத்து என்றால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப் போலீசுக்கும் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்கும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது கடைசி வழி. பாட்டி வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று சொந்தத்தில் நம்பகமானவர்கள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுவார்கள். பல குடும்பங்களில் பிள்ளை வீட்டிலேயே இருக்கும், அதிகாரிகள் வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், அப்பா ஆலோசனைக்குப் போவார். அப்பாவைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்கள் அழைக்கவில்லை, அடி நிற்க வேண்டும் என்றுதானே அழைத்தீர்கள். அதிகாரிகளும் முதலில் பார்ப்பது அதைத்தான். சில நேரங்களில் அந்த அடி வழக்குக்கும் சிறைக்கும் போகிற அளவுக்கு இருக்கும். அது அவர் செய்ததன் விளைவு, நீங்கள் சொன்னதன் விளைவு இல்லை.

இப்போது அம்மா. அவரிடம் முதலில் பேசாதீர்கள். நீங்கள் பேசுகிற அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "டீச்சர்கிட்ட என்ன சொன்னே?" என்று பையனைத்தான் கேட்பார்கள். அடுத்த வாரம் துணைப்பாடம் நின்றுவிடும். அந்தப் பிள்ளையைக் கவனித்துப் பார்த்த ஒரு ஜோடிக் கண்ணும் போய்விடும். அம்மா நல்லவர் என்கிறீர்கள். இருக்கலாம். அவரே அடி வாங்குபவராகவும் இருக்கலாம். ஆனால் 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்திருக்கிறது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கொடுமையால் இறந்து, ஒரே வீட்டிலிருந்த ஒருவர் ஆபத்து தெரிந்தும் தம்மால் முடிந்ததைச் செய்யாமல் இருந்தால், கை வைக்காவிட்டாலும் அவருக்கும் 20 ஆண்டு வரை சிறை. அந்த நிலைமைக்குப் போகாமல் அம்மாவையும் காப்பாற்றுகிற அழைப்புதான் நீங்கள் செய்தது. நட்பு போனாலும் போகட்டும் என்று மேலே சொன்னது இதை நினைத்துத்தான்.

வீட்டில் கொடுமைக்கு ஆளான நாலு வயது மேகன் என்ற சிறுமியின் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பாலர் பள்ளி 2019-லேயே காயங்களைக் கவனித்தது. பெரியவர்கள் பலருக்கு விஷயம் தெரிந்திருந்தது. 2020 பிப்ரவரியில் அவள் இறந்துபோனாள். அதிகாரிகள் அதைக் கையாண்ட விதத்தை ஆராய்ந்த மறுஆய்வுக் குழுவின் அறிக்கை 2025 அக்டோபரில் வந்தது. பல அமைப்புகளின் குறைகளை, காவல்துறையின் குறை உட்பட, அது எடுத்துச் சொன்னது. முன்னாள் போலீஸ்காரியாக அதைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் "சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பாடு" என்று உங்களை விட எனக்கு மனமில்லை. புதுக் காயம் தெரிந்தால் மறுபடி அழையுங்கள். வகுப்புக்குத் தொடர்ந்து வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். முதல் முறை பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தால் இரண்டாம் முறை சுலபம். பள்ளி ஆலோசகரிடமும் சொல்லலாம். அவர்களுக்குத் தெரியும் என்பதற்காக நீங்கள் அழைக்காமல் இருக்க வேண்டாம்.

கைப்பேசியில் இருப்பதை அழிக்காதீர்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். தோழிகளுக்கு அனுப்பியதை மட்டும் அவர்களை உடனே அழிக்கச் சொல்லுங்கள், வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். சட்டை விலகிய ஒன்பது வயதுப் பையனின் முதுகு வாட்ஸ்அப்பில் சுற்றினால் அது அவனுக்கு இரண்டாவது அடி. இனிமேல் படமும் எடுக்க வேண்டாம், மருத்துவமனையில் எடுப்பார்கள். தழும்பை நேரில் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னாலே போதும்.

பிள்ளை பிறகு என்னென்ன பார்க்க வேண்டிவரும் என்று கவலைப்பட்டீர்கள். முன்பைவிட இலேசாகியிருக்கிறது. பாலியல் கொடுமை என்றால் போலீஸ், சிறுவர் பாதுகாப்பு அதிகாரி என்று தனித்தனியாகப் பிள்ளையைத் துருவாமல் சேர்ந்து கேட்கிற ஏற்பாடு இருக்கிறது. கேட்பதைக் காணொளியாக எடுத்து, அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காதபடி நடுவில் தட்டி வைப்பார்கள், பெயர் பத்திரிகையில் வராது. காவல்துறையின் உளவியலாளர்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற தொண்டூழியர்களும் துணைக்கு நிற்பார்கள்.

அந்தச் சத்தியம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கையில் அடித்துக்கொடுத்துவிட்டு அழைத்தது உறுத்துகிறது என்றீர்கள். அவனிடம் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. மேசைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். "கண்ணா, நீ சொன்னதை நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன், அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. பிள்ளைங்களுக்கு உதவி செய்யறவங்ககிட்ட சொல்லியிருக்கேன்." அவ்வளவுதான். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள், உங்கள் கையில் இல்லாதது அது. அப்பாவைத் திட்டாதீர்கள். அடிக்கிற அப்பாமேலும் பிள்ளைக்குப் பாசம் இருக்கும், நீங்கள் திட்டினால் அவருக்காக உங்களிடம் வாதாட ஆரம்பித்துவிடுவான். சொன்ன பிறகு பாடத்தை நடத்துங்கள், அன்றைக்கு எந்தச் செய்யுளோ அதையே.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு என்னவாயிற்று என்று யாரும் உங்களை அழைத்துச் சொல்லப்போவதில்லை. பிள்ளையின் விவரம் வெளியே போகாமல் காப்பவர்கள் உங்களிடமிருந்தும் காப்பார்கள். அவன் வராமலே போகலாம், வீடு மாறலாம், பள்ளி மாறலாம். ஒரு வருடம் கழித்து மின்தூக்கியில் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

நேற்றைய குறுஞ்செய்தியில், அவனுடைய பயிற்சிப் புத்தகம் உங்களிடமே இருக்கிறது, திருத்தாமல் கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். விசாரணை அதிகாரி கேட்டால் அப்படியே கொடுத்துவிடுங்கள். கேட்காவிட்டால் திருத்தி, மற்ற பிள்ளைகளின் புத்தகங்களோடு அதே அடுக்கில் வையுங்கள். வந்தால் எடுத்துக்கொள்வான்.